வெள்ளை மழை கண்ட வெப்ப நாடு

பனி என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டைப் பனியின் பெயராலேயே வழங்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆயினும் அவர்கள் அறிந்த பனி, புல்நுனியில் துளியாக நிற்பதும் விடியற்பொழுதில் வயல்மேல் புகைபோலப் படர்வதுமாகிய பனியே. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி நிலத்தின்மேல் குவியும் வெண்பனி தமிழ்நிலத்தில் பெய்வதில்லை. அதனால் அதற்கெனத் தனிச்சொல் ஒன்றும் தேவைப்படவில்லை. கிறித்தவ வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தோர் இந்த இடர்ப்பாட்டை நேரே எதிர்கொண்டனர். மூலநூலில் வெண்பனி வரும் இடங்களில் 'உறைந்த மழை' என்ற தொடரை அவர்கள் ஆண்டனர். காணாத பொருளைக் கண்ட பொருளின் பெயரால் உணர்த்த முயன்ற அந்த முயற்சி பாராட்டத்தக்கது.

கடல்கடந்த வேறொரு வெப்ப நாட்டிலும் இதையொத்த செய்தி ஒன்று உண்டு. 1774-ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள ஃபுளோரிடாவில் வெண்பனி பெய்தது. அங்கு வாழ்ந்த மக்கள் அதன் பின் நெடுங்காலம் அதனை 'வியத்தகு வெள்ளை மழை' என்றே பேசிவந்தனராம். தமிழில் உறைந்த மழை. ஃபுளோரிடாவில் வெள்ளை மழை. மழையை மட்டுமே அறிந்த மாந்தர் வெண்பனியைக் கண்டால், எந்நாட்டவராயினும் ஒரே வகையில்தான் பெயரிடுகின்றனர்.

அந்தத் தென்கரை நாட்டில் அரிதாகப் பெய்த வெண்பனியின் வரலாற்றையும், அதனை முன்கூட்டி அறிய மக்கள் மேற்கொண்ட முயற்சிகளையும் இக்கட்டுரையில் நாம் காண்போம். இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி அன்று. ஊர்விட்டு வந்து இங்கே குடியேறிய நம் குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறையினர் பலர் டெக்சாசிலும் ஜார்ஜியாவிலும் ஃபுளோரிடாவிலும் வாழ்கின்றனர். ஹூஸ்டன் நகரை அடுத்த பியர்லாந்தில் மீனாட்சியம்மனுக்குக் கோயில் எழுப்பி 1982-ஆம் ஆண்டில் குடமுழுக்கும் செய்தனர். அவர்கள் வாழும் மண்ணின் இயல்பை அறிவது நமக்கும் கடனாகும்.

ஒரே அட்சரேகை, இருவேறு குளிர்

தில்லி மாநகர் ஏறத்தாழ 28½ பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஹூஸ்டன் 29¾ பாகையிலும், நியூ ஆர்லியன்ஸ் 30 பாகையிலும் உள்ளன. மயாமியோ 25¾ பாகையில், தில்லிக்கும் தெற்கே அமைந்தது. வரைபடத்தை நோக்கின் இவ்வூர்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்பன. கோடையின் வெம்மையிலும் இவை ஒன்றுக்கொன்று உறவுடையனவே. குளிரில்தான் வேறுபாடு தோன்றுகிறது.

தில்லி சப்தர்ஜங் நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1935 ஜனவரி 16-ஆம் நாள் சுழிக்குக் கீழே 0.6 டிகிரி செல்சியஸ். நம்முள் முதியோர் நடுங்கிப் பேசும் தில்லிக் குளிரின் எல்லை அவ்வளவே. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1899 பிப்ரவரி 13-ஆம் நாள் வெப்பநிலை சுழிக்குக் கீழே 14 டிகிரி வரை இறங்கியது. அதே நாளில் ஃபுளோரிடாவின் தலைநகரான டல்லஹாசியில் சுழிக்குக் கீழே 19 டிகிரி. அந்த மாநிலத்தில் அதனினும் குறைந்த வெப்பநிலை இன்றுவரை பதிவாகவில்லை. சில நாட்களில் மிசிசிப்பி ஆறு பனிக்கட்டிகளைச் சுமந்து நியூ ஆர்லியன்சைக் கடந்து மெக்சிகோ வளைகுடாவில் கொண்டு சேர்த்தது.

இதற்குக் காரணம் மலைகளின் கிடக்கையே. நமக்கு வடக்கே இமயம் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. சங்கப் புலவர்கள் நிலத்தின் வட எல்லையாகப் போற்றிய அம்மலை, காற்றுக்கும் எல்லையாக நின்று நடு ஆசியாவின் கடுங்குளிரைத் தடுக்கிறது. வட அமெரிக்காவில் அத்தகைய மதில் இல்லை. மேற்கே ராக்கி மலையும் கிழக்கே அப்பலாச்சிய மலையும் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே செல்கின்றன. இடையிலுள்ள சமவெளி, வாயிலும் புழைக்கடையும் திறந்து கிடக்கும் வீடு போன்றது. வடதுருவத்துக் குளிர்காற்று ஒருகால் பெருகி இறங்கினால், கனடாவிலிருந்து வளைகுடாக் கரைவரை அதனை மறிப்பார் எவருமில்லை. நாம் வாடை என்று சொல்வதுபோல டெக்சாசு மக்கள் இக்காற்றை 'புளூ நார்தர்', அதாவது நீல வாடை, என்பர். நண்பகலில் வியர்வை சிந்தியவர் மாலையில் கம்பளி தேடும் நிலை அங்கு உண்டாவது இதனால்தான்.

பனி பெய்வதற்கு இரண்டு வேண்டும்

குளிர் வந்துவிட்டாலே வெண்பனி பெய்துவிடுவதில்லை. வடக்கிலிருந்து உறைகுளிரும், தெற்கே வளைகுடாவிலிருந்து ஈரமும் ஒருங்கே வந்து சேர வேண்டும். வாடை மிகுந்தால் ஈரத்தைக் கடலுக்கே தள்ளிவிடும். வானம் தெளிந்து வறண்ட குளிரே மிஞ்சும். கடற்காற்று மிகுந்தால் வெறும் மழையாகிவிடும். இரண்டும் ஒத்து நிற்கும் இடம் ஒரு குறுகிய பட்டை. அது சில கல் தொலைவு வடக்கே நகர்ந்தாலும் தெற்கே நகர்ந்தாலும் பனி பெறும் ஊர் மாறிவிடும்.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. நிலத்தருகே குளிர் இருப்பினும், சற்று உயரத்தில் வெதுவெதுப்பான காற்றடுக்கு ஒன்று தங்கிவிடும். மேலிருந்து வரும் வெண்பனி அவ்வடுக்கில் உருகி, கீழே வந்து மரத்திலும் மின்கம்பியிலும் சாலையிலும் பட்டவுடன் கண்ணாடிபோல் உறையும். கண்ணுக்கு இனிய வெண்பனியைவிட இந்த உறைமழையே கொடியது. தென் மாநிலத்து வானிலை அறிஞர்கள் பனியை முன்கூட்டிச் சொல்ல மிகவும் தயங்குவதற்கு இவையே காரணம்.

ஆரஞ்சுத் தோட்டங்களின் அழிவு

1895-ஆம் ஆண்டின் குளிர்காலம் அந்நாட்டின் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றது. பிப்ரவரி 14, 15-ஆம் நாட்களில் ஹூஸ்டனில் 20 அங்குலம் வெண்பனி பெய்தது. கடற்கரைத் தீவாகிய கால்வெஸ்டனில் 15 அங்குலத்துக்கு மேல். நியூ ஆர்லியன்சில் 8 அங்குலத்துக்கு மேல். ஹூஸ்டன் அதற்குமுன் கண்டிராத, அதற்குப்பின் இதுகாறும் கண்டிராத அளவு அது.

ஆனால் அந்த ஆண்டின் பெருந்துயரம் பனி பெய்த இடத்தில் நிகழவில்லை. பனியே பெய்யாத ஃபுளோரிடாத் தோட்டங்களில் நிகழ்ந்தது. அங்கே ஆரஞ்சு பயிரிட்டுச் செழித்த குடியேறிகள் பலர் வடக்கிலிருந்து தம் சேமிப்பையெல்லாம் கொண்டுவந்து நிலத்தில் போட்டவர்கள். 1894 டிசம்பர் இறுதியில் முதற்குளிர் தாக்கியது. பழங்கள் உறைந்து கெட்டன; இலைகள் உதிர்ந்தன; மரங்கள் மட்டும் பிழைத்தன. அதன்பின் ஜனவரி முழுவதும் இளவெயில். இடர் நீங்கிற்றென நம்பிய மரங்கள் துளிர்த்தன, உயிர்ச்சாறு மேலேறியது. அந்நிலையில் பிப்ரவரி 7, 8-ஆம் நாட்களில் இரண்டாம் குளிர் வந்தது. ஏறிய சாறு உறைந்து விரிய, பட்டைகள் வெடித்தன. மரங்கள் அடியோடு மடிந்தன. ஆண்டுக்கு ஐம்பது இலட்சம் பெட்டிக்கு மேல் பழம் அனுப்பிய மாநிலம், அடுத்த பருவத்தில் இரண்டு இலட்சம் பெட்டிக்கும் கீழே இறங்கியது. பழைய நிலையை எட்டப் பத்தாண்டுக்கு மேலாயிற்று.

பலர் தோட்டத்தையும் வீட்டையும் அப்படியே விட்டு வந்த வழியே திரும்பினர். எஞ்சியோர் குளிர் எட்டாத இடம் நாடித் தெற்கு நோக்கி நகர்ந்தனர். 1896 ஏப்ரலில் மயாமிக்கு இருப்புப்பாதை வந்தது; அவ்வாண்டு ஜூலையில் அது நகரமாயிற்று. அந்நகரின் தோற்றத்திற்கு இக்குளிரும் ஒரு காரணமென வரலாற்றாசிரியர் குறிப்பர். ஓரூரின் கேடு பிறிதோரூரின் தொடக்கமாவது வரலாற்றில் புதிதன்று.

கொடியும் தந்தியும்

குளிர் வருவதை அக்காலத்து உழவர் எவ்வாறு அறிந்தனர்? தந்தி பரவியபின் வடக்கே வீசும் குளிர் இன்று எவ்வூரில் உள்ளது, நாளை எவ்வூரை எட்டும் என்று கணிப்பது இயலுவதாயிற்று. படைத்துறையின் பொறுப்பிலிருந்த வானிலைப் பணி 1891-ஆம் ஆண்டில் வேளாண்மைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. உழவருக்கே அது முதலில் பயன்பட வேண்டும் என்ற கருத்து இதில் புலனாகிறது. குளிரலை வருமென்று தந்தி வந்தால், ஊரின் உயர்ந்த இடத்தில் நடுவே கருஞ்சதுரம் பொறித்த வெள்ளைக்கொடி ஏற்றப்படும்.

கொடி ஏறியபின் உழவர் செய்யக்கூடியவை சிலவே. இளமரங்களின் அடியில் ஒட்டுப்போட்ட இடம் மறையும்வரை மண் அணைப்பர். மேலே மரம் கருகினும் மண்ணுக்குள் காக்கப்பட்ட பகுதி மீண்டும் துளிர்க்கும். வரிசைகளுக்கிடையே விறகு குவித்து இரவெல்லாம் எரிப்பர். பிற்காலத்தில் நீர் தெளிக்கும் முறை வந்தது. குளிரில் நீர் தெளிப்பது முரணாகத் தோன்றலாம். நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். தெளிப்பு ஓயாதவரை மொட்டின் வெப்பநிலை சுழியளவிலேயே நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. இடையில் நிறுத்தினாலோ கேடு இருமடங்காகும். நம் நீலகிரியிலும் மார்கழி, தைத் திங்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதுண்டு. அங்குள்ள உழவரும் காய்ந்த தழை போர்த்தியும் நீர் தெளித்தும் செடியைக் காக்கின்றனர். இருவேறு நாட்டு உழவரின் பட்டறிவு ஒன்றாக இருப்பதை இங்கே காண்கிறோம்.

மயாமியில் பனி

1977 ஜனவரி 19-ஆம் நாள் காலையில் மயாமி நகரின்மேல் வெண்பனித் துகள்கள் பறந்தன. நிலத்தில் பட்டதும் உருகின, அளக்கவும் இயலவில்லை. எனினும் அந்நகரில் அதற்குமுன் எவரும் காணாத காட்சி அது. மறுநாள் நாளிதழ் அச்செய்தியைப் பெரிய எழுத்தில் தலைப்பாக இட்டது. சிறுவர் தெருவில் ஓடி, நீட்டிய கையில் துகளை ஏந்தினர்.

ஆனால் ஊருக்கு வெளியே காய்கறி வயல்கள் கருகிக் கிடந்தன. அவ்வயல்களில் பறிப்பு வேலை செய்தோர், பருவந்தோறும் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் கூலித் தொழிலாளர். பறித்த பெட்டிக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோர்க்கு, பறிக்க ஒன்றுமில்லையெனில் அன்று உணவுமில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் வேலை இழந்தனர். அரசு பேரிடர் நிலை அறிவித்து உதவ வேண்டியதாயிற்று. நகரத்தார்க்கு விழாவாக வந்த பனி, தொழிலாளர்க்குப் பட்டினியாக வந்தது. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த எவருக்கும் இச்செய்தி எளிதில் விளங்கும்.

நூற்றொன்பது ஆண்டுக் காத்திருப்பு

மகிழ்ச்சி மட்டுமே தந்த பனியும் உண்டு. டெக்சாசின் தென்கோடியில் மெக்சிகோ எல்லையில் உள்ளது பிரவுன்ஸ்வில் என்னும் ஊர். பேரீந்தும் பனைகளும் நிற்கும் ஊர். அங்கே அளக்கத்தக்க வெண்பனி 1895-க்குப் பின் பெய்ததேயில்லை. 2004 டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, கிறித்துமஸ் விழாவின் முன்னிரவில், அது பெய்தது. காலையில் எழுந்த மக்கள் பனைமரத்தின்மேல் ஒன்றரை அங்குல வெண்பனியைக் கண்டனர். 109 ஆண்டுகள்! முந்தைய பனியைக் கண்டு நினைவில் வைத்திருந்தவர் எவரும் அன்று உயிரோடிருந்திருக்க இயலாது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நிகழ்ச்சி மனித வாழ்நாளினும் நீண்ட இடைவெளியில் வருமானால், மக்கள் அதனை மறப்பது இயல்பு. வந்தது பனியாயின் மகிழ்ச்சியோடு போயிற்று. பிரவுன்ஸ்வில் மக்கள் பனியில் விளையாடிய அதே கிறித்துமசுக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26-ஆம் நாள், நம் சோழமண்டலக் கரையில் ஆழிப்பேரலை புகுந்தது. நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. 1881 டிசம்பர் 31-ஆம் நாள் நிக்கோபார் அருகே நிலம் நடுங்கி எழுந்த சிறிய ஆழியலையை, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த அலையளவுக் கருவிகள் பதிவு செய்திருந்தன. ஏட்டில் இருந்தது, மக்கள் நினைவில் இல்லை. கடல் உள்வாங்கியபோது அதன் பொருளைச் சொல்ல ஊரில் எவருமில்லை. அதன்பின் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அமைந்தது. அரிதாக வருவதை மறந்த இடத்தில்தான் அது கொல்கிறது என்னும் உண்மைக்கு நாமே சான்றாக நிற்கிறோம்.

அறிந்தும் காவாமை

இதே உண்மை 2021 பிப்ரவரியில் டெக்சாசில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது. அப்போது அறியாமையைக் காரணம் சொல்ல இடமில்லை. கடுங்குளிர் வருமென வானிலைத் துறை பல நாட்களுக்கு முன்பே அறிவித்திருந்தது. ஆயினும் குளிர் வந்தபோது இயற்கை எரிவளிக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அம்மாநிலத்தின் மின்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளோடு பெரிதும் இணையாமல் தனித்து இயங்குவதாதலால், வெளியிலிருந்து பெறும் வழியும் குறுகியதாயிருந்தது. பிப்ரவரி 15-ஆம் நாள் விடியுமுன், தொகுப்பு முழுவதும் சரிந்துவிட 4 நிமிடம் 37 விநாடியே எஞ்சியிருந்ததெனப் பின்னர் தெரிவித்தனர். அதனைத் தடுக்க 20,000 மெகாவாட் அளவுக்கு மின்வழங்கல் துண்டிக்கப்பட்டது. 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளிலும் குளிரிலும் ஆழ்ந்தன.

வெப்பத்தை வெளியேற்றவே கட்டப்பட்ட வீடுகள் அவை. போர்வையின்றி ஓடிய தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. குளிர் தாளாது மூடிய அறைக்குள் கரி மூட்டியும், கொட்டகையில் வண்டியின் பொறியை ஓடவிட்டும் வெப்பம் தேடிய சிலர் நச்சுவளியால் மாண்டனர். அரசு கணக்கின்படி இறந்தோர் 246 பேர்.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. 1989 டிசம்பரிலும், பின் 2011 பிப்ரவரியிலும் இதையொத்த குளிரில் அங்கு மின்நிலையங்கள் நின்றிருந்தன. 2011-இல் ஆய்ந்த நடுவணரசு அமைப்புகள், குளிர்தாங்கும் ஏற்பாடு செய்ய வேண்டுமென விரிவாக எழுதின. 1989-இல் சொல்லப்பட்ட அறிவுரைகள் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதையும் அவ்வறிக்கையே சுட்டிக்காட்டியது. அதன் பின்னரும் பத்தாண்டுகள் கழிந்தன. 1895-இன் ஆரஞ்சு உழவர் இளவெயிலை நம்பிக் கெட்டது போல, 2021-இல் அதிகாரிகள் இடைப்பட்ட இளவேனில்களை நம்பிக் கெட்டனர். மரத்துக்கு அறியும் வழியில்லை, மனிதர்க்கு இருந்தது.

முன்னறிவிப்பும் முன்னேற்பாடும்

2021 ஜூனில் மின்நிலையங்கள் குளிர்தாங்கும் ஏற்பாடு செய்தாக வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குரிய தேர்வு 2025 ஜனவரி 21-ஆம் நாள் வந்தது. அன்று வளைகுடாக் கரை முழுவதும் 1895-க்குப் பின் காணாத வெண்பனி பெய்தது. லூசியானாவின் லேக் சார்லஸ் வானிலை நிலையம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. நியூ ஆர்லியன்ஸ் வானூர்தி நிலையத்தில் 8 அங்குலம் பதிவாயிற்று. ஃபுளோரிடாவின் மில்டனில் 9.8 அங்குலம், 1954 முதல் நின்ற 4 அங்குலப் பதிவு இதனால் பின்தள்ளப்பட்டது.

இம்முறை அரசுகள் சில நாட்கள் முன்பே செயற்பட்டன. பள்ளிகளும் வானூர்தி நிலையங்களும் மூடப்பட்டன, நெடுஞ்சாலைகள் அடைக்கப்பட்டன. உயிரிழப்பு அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. சாலை நேர்ச்சியிலும் குளிரிலும் சிலர் மாண்டனர். ஆயினும் டெக்சாசின் மின்தொகுப்பு நிலைத்து நின்றது. விளக்கு எரிந்த வீடுகளிலிருந்து வெளியே வந்த சிறுவர், அட்டைப்பெட்டி, துணிக்கூடை எனக் கிடைத்தவற்றின்மேல் அமர்ந்து மிசிசிப்பிக் கரைமேட்டில் சறுக்கி விளையாடினர். 250 ஆண்டுகளுக்கு முன் வெள்ளை மழையைக் கண்டோர் அடைந்த அதே வியப்பை அவர்களும் அடைந்தனர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வருவதை அறிவது ஒன்று. வருமுன் காப்பது பிறிதொன்று. முன்னதைத் தந்தியும் கொடியும், இன்று செயற்கைக்கோளும் கணிப்பொறியும் தருகின்றன. பின்னதை எந்தக் கருவியும் தராது. முன்னே வந்ததை மறவாத சமுதாயமே அதனைப் பெறும். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவைக்கும் வேலை பாட்டிக்கும் ஆசிரியருக்கும் வரலாற்று ஏட்டுக்கும் உரியது.

தொலைவில் வாழும் நம் மக்களோடு வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகிறோம். மார்கழியில் அங்கு வாடை வீசுமெனக் கேட்டால், பனி விழுமா என ஆவலோடு வினவுவோம், அதில் தவறில்லை. அத்துடன், குழாய்க்குப் போர்வை சுற்றினீர்களா, மூன்று நாளைக்கு நீரும் உணவும் எடுத்து வைத்தீர்களா, அடுத்த வீட்டு முதியவரைப் பார்த்து வந்தீர்களா என்பதையும் கேட்போமாக. வெள்ளை மழை மகிழ்ச்சியாக மட்டும் பெய்வதற்கு அந்த மூன்று வினாக்களும் துணைபுரியும்.